எட்டு நாணயத்துக்குத் தலை கிடையாது

காப்பிக்கு நன்றி, மேடம். காவல் நிலையக் காப்பியை வாயில் வைக்க முடியாது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.

சோலாஞ்சை எப்படி ஏமாற்றினேன் என்று கேட்டீர்கள். மேசையில் கவிழ்ந்திருக்கும், குறி சொல்லும் டாரட் கார்டைப் புரட்ட இரண்டு வழி உண்டு. என் சீட்டுக்கட்டில் எல்லாக் கார்டும் நேராகவே அடுக்கியிருக்கும். புத்தகத்தில் பக்கம் திருப்புவது போலப் புரட்டினால் அது இருந்தபடியே வரும். கீழ் விளிம்பைப் பிடித்து மேலாகப் புரட்டினால் தலைகீழாகிவிடும். கைவித்தை எதுவும் தேவையில்லை. எதிரில் இருப்பவர் படத்தைத்தான் பார்ப்பார், விரலைப் பார்க்க மாட்டார்.

மார்செய்யில் கார்டு பார்த்துக் குறி சொல்பவர்களில் பாதிப் பேர் தலைகீழ்க் கார்டைக் கணக்கில் எடுப்பதில்லை. நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் பேசுவார்கள். நான் எடுப்பேன். நேராக வந்தால் வழி திறந்திருக்கிறது. தலைகீழாக வந்தால் கார்டு தூங்குகிறது, அது எழும்வரை பொறு. அவ்வளவுதான் அர்த்தம்.

சோலாஞ் பழைய துறைமுகத்தில் மீன் விற்றவள். மதியம் பலகையைக் கழுவிவிட்டு நேரே என் வீட்டுக்கு வருவாள். எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் அவள் கையில் மத்தி வாசம் போகாது. "உன் பேரரசி கார்டை மூக்கைப் பொத்திக்கச் சொல்லுடி ரெஜின், மீன்காரி வந்துட்டா" என்று சொல்லிக்கொண்டே கார்டைக் கலைப்பாள். பல் பிடுங்குவதா, புதுத் தராசு வாங்குவதா, எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்பாள். ஒரு சமயம் தூலோனிலிருந்து ஒரு படகு மெக்கானிக் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டான். காதலர் கார்டு தலைகீழாகவே வந்துகொண்டிருந்தது. அவன் சலித்துப்போய் ஊருக்குத் திரும்பிவிட்டான். குடிகாரன் என்று பின்னால் தெரிந்தது. இல்லை, தெரியவில்லை. இருந்திருக்கலாம்.

போன வசந்தத்தில் ஒரு நாள் அவள் கார்டைத் தொடவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றினாள்.

"இங்க தொட்டுப் பாரு. கொண்டைக்கடலை மாதிரி இல்ல?"

தொட்டேன். நான் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்த்தவள். நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டவள்தான், ஆனால் எத்தனையோ உடம்புகளைத் துடைத்திருக்கிறேன். அந்தக் கட்டி நகரவில்லை. அடியில் வேர் பிடித்தாற்போல் இருந்தது. அது என்ன என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"டாக்டர் சீக்கிரம் அறுக்கணுங்கிறான். மாயெல் லியோனுக்கு வந்துடும்மாங்கிறா. அவ வீட்டுக்குப் பக்கத்துலயே ஆஸ்பத்திரியாம். அப்புறம் அங்கயே இருந்துடலாமாம்."

"லியோன்ல கடல் இல்லையேடி."

"நானும் அதான் சொன்னேன். ரெண்டு ஆறு இருக்குன்னா. அந்த மீனை நீயே தின்னுடின்னுட்டேன்." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "போகவா, ரெஜின்?"

மாயெல் அவளுடைய ஒரே மகள். லியோன் வீட்டில் அம்மாவுக்கென்று ஒரு அறைக்கு வர்ணம் அடித்து வைத்திருந்தாள்.

சோலாஞ் கார்டை உருவி வைத்தாள். நான் கீழ் விளிம்பைப் பிடித்தேன். சிங்கத்தின் வாயைத் திறக்கும் பெண், தலைகீழாக. "பொறு" என்றேன். அவள் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கோடையிலும் கேட்டாள். பொறுத்தாள். திராட்சை பறிக்கும் காலத்தில் மறுபடி கேட்டாள். அன்று நான் தவறு செய்தேன். வந்தது எட்டு நாணயம். எங்கள் சீட்டுக்கட்டில் நாணயக் கார்டுகளுக்கு எண் போட்டிருக்காது. எட்டு வட்டங்கள், இடையில் கொடி. எப்படித் திருப்பி வைத்தாலும் ஒன்றுதான். அதைத் தலைகீழ் என்று யாராலும் படிக்க முடியாது. நான் படித்துவிட்டேன். பழக்கதோஷம். அவள் கவனிக்கவில்லை.

சோலாஞ்சின் அடக்கம் முடிந்து சில நாள் கழித்து மாயெல் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது நேரா, தலைகீழா?"

"நேர்" என்றேன்.

ஒரு விரலால் அதைச் சுற்றினாள். "இப்போ?"

மறுபடி சுற்றினாள்.

"சொல்லுங்க ரெஜின். இதானே உங்க தொழில்? எட்டு நாணயம் தலைகீழா வந்திருக்கு, ரெஜின் பொறுக்கச் சொல்றான்னு அம்மா போன்ல சொன்னாங்க. அன்னிக்கு எனக்கு உறைக்கல. சின்ன வயசுல இதே மாதிரி சீட்டுக்கட்டை வெச்சு வீடு கட்டி விளையாடினவ நான். இதுக்குத் தலை எது, கால் எது?"

"உங்க அம்மாவுக்குப் பயம் இருந்துச்சும்மா. பொறுன்னு யாராவது சொல்லணும்னுதான் வந்தா."

"எங்கம்மா மீன்காரி. திமிங்கிலம் வந்தாலும் தோலை உரிச்சிருப்பாங்க. பயந்தது நீங்க."

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். பயமெல்லாம் இல்லை. லியோனுக்குப் போகிறவர்கள் திரும்பி வருவதில்லை, அதுதான் விஷயம். டிசம்பரில் சோலாஞ்சால் படி ஏற முடியாமல் போனபோது என் வீட்டிலேயே படுக்கை போட்டுக் கொடுத்தேன். வலி மருந்து மட்டும் போதும் என்றாள். தலை அலசிவிட்டேன். கடலைமாவுக் கூழ் ஊட்டினேன். மாயெல் போன் செய்தால் தூங்குகிறாள் என்பேன். பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். நேரில் வரட்டுமா என்று மாயெல் கேட்டதற்கெல்லாம், இப்போது தேறி வருகிறாள், நீ வந்தால் பயந்துவிடுவாள் என்றேன். வெளியே மிஸ்ட்ரால் காற்று ஜன்னலை உலுக்கும். உள்ளே ஒரு ஆள் மூச்சுவிடும் சத்தம். எனக்கு அதைவிட நல்ல குளிர்காலம் வாய்த்ததில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

ஆமாம், நோய் என்ன என்று தெரியும். பொறுத்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். தெரிந்துதான் புரட்டினேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் கண் விழித்தாள். "இப்பவாச்சும் மாயெல் வீட்டுக்குப் போலாமாடி?" என்றாள். சீட்டுக்கட்டைக் கொண்டுவந்தேன். அவளால் உருவ முடியவில்லை, நானே உருவினேன். பக்கம் திருப்புவது போல மெதுவாகப் புரட்டினேன். ரதக் கார்டு, நேராக வந்தது. "போலாம் கண்ணு" என்றேன். அவளால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை.

அவளை அனுப்பிவைக்கக் கடைசியில் எனக்கு மனசு வந்தது, மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.