ஐந்தாவது ஓட்டை

அளவெடுக்காமல் பொருள் வாங்குவது எனக்கு வெகுநாள் பழக்கம். சட்டையாக இருந்தால் ஒன்று இறுக்கும், இல்லாவிட்டால் தொங்கும்; அதோடு போயிற்று. கிராபிக்ஸ் கார்டு அப்படிப்பட்ட பொருள் இல்லை என்பது கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கதவைக் கொஞ்சம் சாத்திவிடுங்கள். மாமனார் வெளியே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குப் பாம்புச் செவி. செத்துப்போன ஹார்டு டிஸ்க்குகளிலிருந்து கோப்புகளை மீட்பது உங்கள் தொழில். இந்த டிஸ்க்கில் ஓட்டை எப்படி விழுந்தது என்று நீங்கள் கேட்பது நியாயம். ஆதியிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

மாமனார் முப்பத்தொரு வருடம் ஆவணக் காப்பகத்தின் தலைவராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் தன் வரலாற்றை எழுத உட்கார்ந்தார். ஒன்பது வருடம், தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பக்கம். அவர் யாருடனாவது கைகுலுக்கும் படங்கள் மட்டும் முந்நூற்று நாற்பது. மாலை ஆறு மணிக்கு அன்றன்று எழுதியதைக் கூடத்தில் வாசிப்பார். நாங்கள் வரிசையாக உட்கார்ந்து கேட்போம். தலையாட்டுவதற்கு வசதியாக, ஒரு பத்தி முடிந்ததும் நிறுத்தி எங்களை ஒரு பார்வை பார்ப்பார்.

புத்தகம் இருந்த கம்ப்யூட்டரும் ஒன்பது வருடப் பழசு. கம்பெனியிலேயே பூட்டி, ஒட்டி, முத்திரை குத்திக் கொடுத்த செட். கைகுலுக்கல் படங்கள் வரும்போதெல்லாம் திரை திக்கியது. "என்னை வெட்டி வெட்டிக் காட்டுதுப்பா," என்று மாமனார் வருத்தப்பட்டார். அவருக்காகத்தான் கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். அதில் லாரி ஓட்டும் விளையாட்டும் நன்றாக ஓடும் என்பது தற்செயல். "அப்பா கைகுலுக்கறதைப் பாக்க மூணு ஃபேன் வெச்ச கார்டா?" என்று என் மனைவி கேட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான். நல்ல காரியத்தில் நோக்கம் தேடுவாள்.

கார்டின் நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. கேபினெட்டுக்குள் இருந்த இடம் ஒரு சாண். குறுக்கே ஹார்டு டிஸ்க்கை வைத்திருக்கும் இரும்புக் கூண்டு. பழைய கம்பெனி செட் இல்லையா, கூண்டை ஸ்க்ரூ போடாமல் ரிவெட் அடித்து இறுக்கியிருந்தார்கள். கார்டு விற்ற கடைக்காரரிடம் போனில் கேட்டேன். "டிஸ்க்கைக் கழட்டி மேல சிடி டிரைவ் இடத்துல மாட்டிக்குங்க சார். அப்புறம் ட்ரில் வெச்சு ரிவெட்டை எடுத்துடுங்க. அரைமணி வேலை," என்றார். தெளிவாகச் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை.

வேலையை ஆரம்பிக்கும் முன் மாமனாரிடம் முறையாகக் கேட்டேன். "மாமா, புத்தகத்துக்கு வேற பிரதி ஏதாவது எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"பிரதி எடுக்கறது மறதிக்காரன் வேலை. என் ஆபீஸ்ல ஒரு காகிதம் தொலைஞ்சது கிடையாது. அசல் ஒண்ணு போதும்," என்றார்.

சாட்சிக்கு மனைவியும் அப்போது அருகில் இருந்தாள்.

கடைசியாக ஒருமுறை கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தேன். புத்தகத்தில் என் கல்யாணம் வரும் இடத்தை அவர் கூடத்தில் வாசித்ததில்லை; பக்கம் அறுநூற்றுப் பதினான்கில் இருந்தது. "இளைய மகளுக்கும் திருமணம் நடந்தது." யாரோடு என்று இல்லை. ஏதோ மழை பெய்தது என்பதுபோல நடந்திருந்தது. அடுத்த வரியிலிருந்து நான்கு பக்கத்துக்குக் காப்பகத்துக்கு இரும்பு அலமாரி வந்த வரலாறு. மூத்த மருமகனுக்கு, அதாவது என் சகலைக்கு, பதினொரு பக்கம் இருந்தது. அவர் தும்மினால்கூட அதில் ஒரு தொலைநோக்கு தெரிவதாக எழுதியிருந்தார். எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. அலமாரியும் அவசியமான பொருள்தான்.

கம்ப்யூட்டரை அணைத்தேன். ட்ரில்லை எடுத்தேன். டிஸ்க்கை முதலில் கழற்றவில்லை. கழற்றியிருக்கலாம், ஸ்க்ரூடிரைவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ட்ரில் சறுக்கிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். மாமனார் தரையில் உட்கார்ந்து, டிஸ்க்கை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "சூடா இருக்கே, உயிர் இருக்கும்ல?" என்று கேட்டார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மறுநாளே உங்களைப் பற்றி விசாரித்துக் கொண்டுவந்து கொடுத்தது நான்தான், அதை மறந்துவிடாதீர்கள்.

"சறுக்கின ட்ரில் கீறும் சார், இவ்வளவு நேராத் துளைக்காது," என்று சற்றுமுன் சொன்னீர்கள். அனுபவசாலி. கூண்டில் ரிவெட் நான்கு. நான் போட்ட ஓட்டை ஐந்து. ஐந்தாவதைப் போடும் முன் டிஸ்க்கின் நடுவட்டம் எது என்று பேனாவால் குறித்துக்கொண்டேன். அளவெடுத்துச் செய்த ஒரே வேலை அதுதான்.

இதில் யாருக்கு நஷ்டம், சொல்லுங்கள். மூன்று வாரமாக மாமனார் மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்கிறார், நான் தட்டச்சு செய்கிறேன். மனிதர் இளைத்துவிட்டார், ஆனால் சுறுசுறுப்பாக இருக்கிறார். நினைவு கொஞ்சம் தடுமாறுகிறது. தடுமாறும் இடத்தில் நான் கைகொடுக்கிறேன். அலமாரி ஒரு வரியாகியிருக்கிறது. சகலையும் அளவாக இருக்கிறார். போன வாரம், "இளைய மருமகன் இல்லேன்னா இந்தப் புத்தகமே இல்லைனு எழுதிக்கோப்பா," என்றார் மாமனார். அவராகச் சொன்னது. அதைச் சற்று விரித்து எழுதினேன், இருபத்திரண்டு பக்கம் வந்தது.

ஆகவே அவரை உள்ளே கூப்பிட்டு, மீட்க முடியாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். பிரதி எடுத்து வைக்காதது தப்பு என்றும் கண்டித்துச் சொல்லுங்கள். அந்த இருபத்திரண்டு பக்கத்துக்கு நான் மூன்று பிரதி எடுத்திருக்கிறேன்; ஒன்று இதோ, சட்டைப் பையிலேயே இருக்கிறது.