வாத்து முட்டை வெந்த காய்ச்சல்

கியெம்: …அந்தக் காய்ச்சல்ல நீ கொதிச்ச கொதி இருக்கே, யென், படகுல உன் பக்கத்துல வெச்சிருந்த இருநூறு வாத்து முட்டையும் வெந்துபோச்சு. கான்தோ படித்துறையில உப்பும் மிளகும் தூவி, அவிச்ச முட்டையாவே வித்துட்டு வந்தான் இந்த அப்பன்.

யென்: போன வாரம் நூறு முட்டைன்னீங்கப்பா.

கியெம்: போன வாரம் எண்ணி முடிக்கல.

தியெப்: என் மகளுக்கு எந்தக் காய்ச்சலும் வரல. கதை விடாம சோத்தைச் சாப்பிடுங்க.

கியெம்: உடம்பெல்லாம் செவப்புத் தடிப்புடி. மிளகாப்பழம்னு நெனச்சு கோழி கொத்த வந்துச்சு.

யென்: அப்பா… வெளையாடாதீங்க. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க. கலைக்கிறதுக்கு.

கியெம்: தெரியும்மா. அதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். அந்த ரத்தத்துல என்னதான் இருக்காம்?

யென்: மீன் கம்பெனியில என் பக்கத்துல நிக்கிறவளுக்கு ரூபெல்லா அம்மை வந்துச்சுல்ல… எனக்கும் ரத்தம் எடுத்தாங்க. நோய் வந்தா உடம்பு ரெண்டு விதமான எதிர்ப்பை உண்டாக்குமாம். ஒண்ணு சீக்கிரம் வந்து, சில மாசத்துல போயிடும். இன்னொண்ணு பின்னால வந்து, சாகுற வரைக்கும் இருக்கும். எனக்கு ரெண்டுமே இருக்கு.

கியெம்: ரெண்டு காவல்காரன் இருந்தா நல்லதுதானே.

யென்: முதல் ஆள் இன்னும் போகலன்னா, இப்பதான் நோய் வந்திருக்கலாம்னு அர்த்தம்ப்பா. எனக்கு மூணாவது மாசம். புள்ளைக்குக் கண்ணு, காது, இதயம்… எது மிஞ்சும்னு சொல்ல முடியாதாம்.

கியெம்: இருக்கலாம்னுதானே சொன்னாங்க?

யென்: சில நேரம் அது பொய்யாவும் காட்டுமாம். அதான் சின்ன வயசுல வந்திருக்கான்னு டாக்டர் கேட்டார். வந்திருந்தா நாளைக்கு வேண்டாம், சைகோனுக்கு ரத்தத்தை அனுப்பிப் பார்க்கலாம்னார். பழைய எதிர்ப்பு கிருமியைக் கெட்டியாப் பிடிச்சுக்குமாம், புதுசுன்னா வழுக்கிடுமாம். வரலன்னு அம்மா சொன்னாங்க. நானும் அதையே சொல்லிட்டேன்.

கியெம்: வந்துச்சுன்னு நான் சொன்னேனே.

யென்: ஆத்துல முதலையைக் காதைப் பிடிச்சுத் திருப்பி அனுப்பினதும் நீங்கதான். எதைப்பா நான் டாக்டர்கிட்ட சொல்ல?

கியெம்: முதலை… சரி, அது உடும்பு. ஆனா அம்மை நெசம். முட்டை வேகல, யென். ஒண்ணுகூட வேகல. எழுபது வயசுல, விட்ட கதையைத் திரும்ப வாங்கிக்கிறேன், போதுமா? தியெப்… நீயும் சொல்லு.

தியெப்: என்னத்தைச் சொல்ல…

யென்: ஏம்மா தம்பி படத்தையே பார்க்குறீங்க?

தியெப்: ஊதுபத்தி அணைஞ்சிடுச்சு.

யென்: எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு.

கியெம்: சொல்லிடுடி. லோக் போயிட்டான். வயித்துல இருக்கிறதையும் நாளைக்கு அனுப்பிடப் போறா.

தியெப்: நீங்க சும்மா இருங்க. இவ தாங்க மாட்டா.

யென்: தம்பிக்கும் இதுக்கும் என்ன? அவன் பொறவியிலேயே…

தியெப்: ஆமா. பொறவியிலேயே. கண்ணுல வெள்ளை. கூப்பிட்டா திரும்ப மாட்டான். இதயத்துல ஓட்டை.

யென்: அம்மா…

தியெப்: வந்துச்சு, யென். உனக்கு அப்ப நாலு வயசு. எறங்க மாட்டேன்னு என் மடியிலேயே கெடந்தே. நீ எழுந்து ஓட ஆரம்பிச்சதும் எனக்குத் தடிச்சுச்சு. லோக் அப்ப என் வயித்துல மூணு மாசம்.