ஊசிக்குப் பயந்தவன்

ஹலோ... டேய் தம்பி, எங்கடா இருக்க? அப்பா கட்டில் காலியா கெடக்கு... என்னது, வண்டியிலயா?... யாரைக் கேட்டுக் கூட்டிட்டுப் போன?... ஆமா... ஆமா, அக்காதான். அவருக்குப் பொண்ணுன்னு ஒருத்தி இருக்கறது இப்பவாவது தெரியுதே.

சும்மா இரு. டாக்டர் கையுறைய மாட்டிக்கிட்டு நிக்கறாரு. நர்ஸம்மா டெஸ்டுக்கு அனுப்ப ஐஸ் பெட்டியத் திறந்து வெச்சிருக்காங்க. நான் கீழ போய் ஒரு வாய் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஆளையே கெளப்பிட்டுப் போயிட்ட...

ம்... ம்... முதுகுல ஊசி போட்டா கால் விளங்காதுன்னு எந்த மேதை சொன்னான்?... உன் மச்சானா? டயருக்குப் பஞ்சர் ஒட்டறவன்கிட்டயா தண்டுவடத்தப் பத்திக் கேட்ட?

சரி, மருந்தே இல்லாத நோயாவும் இருக்கலாம். நான் இல்லன்னேனா? மூளை பஞ்சு மாதிரி ஆயிடும்னு டாக்டர் என்கிட்டயும்தான் சொன்னாரு... கத்தாத. கேளு. அதே மாதிரி வேஷம் போடற இன்னொரு நோய் இருக்குடா. அதுக்கு மருந்து இருக்கு. ஸ்கேன்ல பாத்தா எதுன்னு சொல்ல முடியலயாம். முதுகுலேருந்து தண்டுவட நீரை எடுத்துப் பாத்தாதான் தெரியும்... ஆமா... ஆமாங்கறேன்ல! தள்ளிப் போடப் போட அந்த மருந்தும் கேக்காது.

...ஓ, அதச் சொல்றியா? ஞாபக டெஸ்ட்ல எல்லாத்துக்கும் டாண்டாண்னு பதில் சொன்னாரா? வராண்டாவுல உக்கார வெச்சு தேதி, கிழமை, நூத்துலேருந்து ஏழு ஏழாக் கழிக்கறதுன்னு மனப்பாடம் பண்ண வெச்சது யாரு?... பொய் சொல்லாத. உன் பொண்டாட்டியே சொல்லிட்டா... யார் மானம்? ஊருக்கே கார் ஓட்டக் கத்துக்குடுத்தவருக்குக் கிழமை தெரியலன்னா உன் மானம் போயிடுமா? அந்தப் பதிலை நம்பித்தான் ரெண்டு மாசம் வெறும் சத்து மாத்திரையக் குடுத்து அனுப்பினாங்க... அழாத. எரிச்சலா வருது.

...அது யாரு, அப்பாவா? ஸ்பீக்கர்லயா போட்டிருக்க?... அப்பா. நான்தான்பா...

...

எந்த பேட்ச்சா?

...

காலை பேட்ச்தான், சார்... இல்ல சார், லேட்டா வர மாட்டேன்... சரி சார்... சரி சார்.

டேய், நீ குறுக்க பேசாத! உன்னையும் கத்துக்க வந்தவன்னுதான் நெனச்சிட்டிருக்காரு. கிளட்ச்சிலேருந்து காலை எடுக்கச் சொல்றாரு பாரு, எடு.

சார்... உங்க பக்கத்துல ஓட்டறாரே, அவருக்கு இன்னும் யூ-டர்ன் வரல சார்... ஆமா சார், ரொம்ப மோசம்... ஆமா, கண்ணாடியே பாக்கறதில்ல... இப்பவே சொல்லிக்குடுத்துடுங்க சார்.

...

...

சொல்லிட்டாருல்ல? என்னடா முழிச்சிட்டிருக்க? எனக்காக ஒண்ணும் திரும்ப வேண்டாம். அவர் சொல்றாரு, திருப்பு... பயமா? எனக்கும்தான். இந்தக் காலிக் கட்டிலப் பாத்துட்டு நிக்கறவளுக்கு இருக்காதா?

...

இண்டிகேட்டர் சத்தம் கேக்குது.

பேசாத. போன வைடா. ரெண்டு கையாலயும் ஓட்டு.