எங்க தோட்டத்து ஒயின்

எங்கள் விடுதியில் விடிவதற்கு முன்பே வெந்நீர் தயாராக இருக்கும். குற்றாலத்துக்கு அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எதற்கு வெந்நீர் என்று நீங்கள் கேட்கலாம். கூட வரும் பெரியவர்களுக்குத் தேவைப்படும், சார். அதற்காகப் பின்கட்டில் விறகு பாய்லர் ஒன்று போட்டிருக்கிறேன். வெளியே சாரல் அடித்தாலும் அந்த அறைக்குள் சற்று நேரம் நின்றால் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொள்ளும். பாட்டிலை அங்கே கொண்டுபோய் வைத்தது நான்தான். அதிலிருந்து தொடங்குவதுதான் சரி.

பென்னி என் தம்பி. அப்பா இறந்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஓடையில் நீந்தச் சொல்லிக்கொடுத்ததும், கேட்டரிங் படிக்கவைத்ததும், பிரான்சுக்கு விமானம் ஏற்றிவிட்டதும் நான். அங்கே ஒரு ஓட்டலில் பாத்திரம் தேய்த்தான். பிறகு போர்தோ பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் அறுவடை வேலைக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டான். பெரிய கம்பெனி இல்லை. ரெனே என்ற பெரியவரின் குடும்பத் தோட்டம். அப்பன், பாட்டன் காலத்திலிருந்து அதே கல்வீடு, ஒயினை வைத்துப் பக்குவமாக்கும் அதே நிலவறை. ரெனேவுக்குப் பிள்ளைகள் இல்லை. இதையும் நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

போன தடவை ஊருக்கு வந்தபோது இரண்டாயிரத்து ஐந்தாம் வருடத்துச் சிவப்பு ஒயின் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான்.

"எனக்கு அங்கன முதல் அறுவடைண்ணே இது. இருபது வருஷம் ஆகட்டும். நம்ம வீட்டுல இருந்தே வயசாகட்டும். நான் வந்து திறக்கேன்."

கார்க் காயாமலிருக்கப் படுக்கவைக்க வேண்டும், வெளிச்சம் படக்கூடாது, சூடு ஆகவே ஆகாது என்றான். மலையை ஒட்டிய அறையில், கட்டிலுக்கு அடியில் வைத்தேன். கோடையிலும் குளிர்ந்து கிடக்கும் அறை அது. சீசனில் எத்தனை கூட்டம் வந்தாலும் அந்த அறையை வாடகைக்கு விட்டதில்லை. ரூபி, என் மனைவி, கேலி செய்வாள். "கொழுந்தனுக்குக் கூட இம்புட்டு கவனிப்பு கிடையாது" என்பாள். பாட்டிலை நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

அவன் ஞாயிறுதோறும் போன் பேசுவான். ஒரு நாள், "எங்க வீட்டுல இன்னைக்குப் பயங்கர மழைண்ணே" என்றான். எந்த வீட்டில் என்று கேட்டேன். சிரித்தான். அடுத்த வாரம் "எங்க தோட்டம்", அதற்கடுத்த வாரம் "எங்க நிலவறை". தமிழில் இது ஒரு வசதி, சார். "நம்ம" என்றால் கேட்கிறவனும் உள்ளே இருக்கிறான். "எங்க" என்றால் அவன் வாசலுக்கு வெளியே நிற்கிறான். பென்னி யோசித்துப் பேசினான் என்று நான் சொல்லவில்லை. யோசிக்காமல் வந்ததுதான் விஷயம். பிறகு ஒரு நாள், "உங்க ஊர்ல சாரல் ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டான்.

அன்று சாயங்காலம்தான் பாட்டிலைப் பாய்லர் அறைக்கு மாற்றினேன். கோபத்தில் செய்ததாக எழுதவேண்டாம். எனக்குக் கோபமில்லை. தூசி துடைத்து, பாய்லருக்கு மேலே உள்ள பலகையில் துணி விரித்து, அவன் சொன்னபடி படுக்கத்தான் வைத்தேன். தினமும் விறகு போடப் போகும்போது தொட்டுப் பார்ப்பேன். காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரி இருக்கும். அவன் வருவதற்கு முந்திய வாரம் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன்.

இந்த வருடம் ஆடியில் வந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து மதியச் சாப்பாடு. பக்கத்து விடுதி முத்துச்செல்வத்தையும் கூப்பிட்டிருந்தோம். பென்னி மெழுகுவர்த்தி ஒன்றைக் கொளுத்திவைத்து, அந்த வெளிச்சத்தில் பாட்டிலின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே அடிவண்டல் கலங்காமல் மெதுவாக ஊற்றினான். கை அவ்வளவு நிதானம். அந்த நிதானத்தை அவனுக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை.

"என்ன தம்பி, கரண்டு இருக்கும்போதே மெழுகுவர்த்தி? சரக்குக்கு ஜெபம் பண்ணுதீயளோ?" என்றார் முத்துச்செல்வம்.

முதல் கிளாஸை எனக்குத்தான் கொடுத்தான். குடித்துவிட்டு, "அருமையா இருக்குலே" என்றேன்.

பென்னி தன் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனான். குடிக்கவில்லை. மறுபடி முகர்ந்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது.

முத்துச்செல்வம் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "அண்ணாச்சி, இது அருமையா? எங்க வீட்டு புளிக்கரைசல் இதைவிட நல்லா இருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். ரூபி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வெயில் பட்டுக் கெட்டுப்போச்சு. நான் கொண்டுவந்த வழியிலேயே ஆகியிருக்கும், என் தப்புதான்" என்றான் பென்னி.

கை கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணே, என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டேன். எங்க வீட்டுல இதே வருஷத்துது இன்னும் கிடக்கு. அனுப்பி வைக்கேன்." என் தோளில் ஈரக்கையை வைத்தான். "அடுத்த அறுவடையில இருந்து லேபிள்ல என் பேரையும் போடுதாராம் ரெனே. அவர் பேருக்குக் கீழ, மகன் பேரு போடுற இடத்துல."

சந்தோஷம் என்று சொன்னேன். திட்டியிருந்தால் அவனை எனக்குப் பிடித்திருக்கும்.

மறுநாள் காலை விடுதிக்குப் பின்னால் உள்ள ஓடைக்கு நாங்கள் இருவரும் குளிக்கப் போனோம். அங்கே ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு சிற்றருவி விழும். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத இடம். நல்ல வெயில். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பென்னி பாறையில் கைகளை ஊன்றி, முதுகில் தண்ணீர் விழும்படி நின்றான். நான் மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஓடை வளைந்து வருவது தெரியும். அவன் நின்ற இடத்திலிருந்து தெரியாது.

முதலில் வாசனைதான் வரும், சார். இங்கே பிறந்தவர்களுக்கு அது தெரியும். இங்கே வெயில் அடிக்கும்போது மேலே காட்டில் மழை கொட்டும். அப்போது நனைந்த மண்ணும் மக்கிய இலையும் சேர்ந்த ஒரு வாசனை தண்ணீருக்கு முன்னால் இறங்கி வரும். பிறகு சருகு வரும். அதற்குப் பிறகு தண்ணீர் செந்நிறமாகும். வாசனை வந்ததுமே கரையேறிவிடவேண்டும். பென்னிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

அவனுக்கும் அந்த வாசனை எட்டியது. தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணே, வாசம் வருதுல்லா? ஈரமண்ணு, மக்குன இலை... எங்க நிலவறைக்குள்ள கால் வச்சா அப்படியே இதே வாசம்தாண்ணே."

முகம் மலர்ந்திருந்தது. இருபது வருடத்தில் எத்தனையோ வாசனைகளைப் பிரித்தறியப் பழகிய மூக்கு அது. இது என்ன வாசனை என்பது மட்டும் அதற்கு மறந்துவிட்டிருந்தது. வளைவில் முதல் சருகுகள் சுழன்று வருவதைப் பார்த்தேன்.

"ஆமாலே" என்றேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டா?"

"நில்லு. என்ன அவசரம்?"

சோப்பைக் கழுவிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். ஓடவில்லை. ரூபி பின்வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "தம்பி எங்க?" என்று கேட்டாள். குளித்துக்கொண்டிருக்கிறான் என்றேன். அப்போதுதான் காட்டுவெள்ளம் இறங்கும் அந்தச் சத்தம் வந்தது. அவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். அவனை, ஓடை போய்ச் சேரும் சிற்றாற்றில் வெகுதூரம் கீழே கண்டெடுத்தார்கள்.

ரூபி ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. வருவதற்கு முன் என்னிடமும் சொன்னாள். "தம்பி எங்கன்னு கேட்டப்ப நீங்க தலையத் துவட்டிக்கிட்டே பதில் சொன்னீய. ஓடைப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல." அவள் சொன்னது சரி. பொறாமை என்றும் சொல்லியிருப்பாள். அது மட்டும் சரியில்லை. பொறாமை அடுத்தவன் பொருள்மேல் வருவது. நான் யாருடைய பொருளுக்கும் ஆசைப்பட்டவன் இல்லை.

அடக்கத்துக்கு முந்திய நாள் ரெனே போன் செய்தார். அவருக்குக் கொஞ்சம்தான் இங்கிலீஷ் வரும். எனக்கும் அவ்வளவுதான். உடலை அங்கே அனுப்ப முடியுமா, தோட்டத்தில் தங்கள் குடும்பக் கல்லறை இருக்கிறது என்று கேட்டார். முடியாது என்றேன். கிழவர் அழுதார். "மை சன், மை சன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் அழுது முடிக்கும்வரை பொறுமையாக இருந்து, "மை பிரதர்" என்று திருத்தினேன்.