அட்டை போடாத படம்

மலிண்டா: …இந்த மியூசியத்துல இன்னும் ஒரே ஒரு அறைதாங்க. கால் வலிச்சா அந்த பெஞ்சுல கொஞ்சம் உக்காந்துட்டு வாங்க.

இனோஸ்: இதையேதான் மூணு அறைக்கு முன்னாடியும் சொன்ன. காலையிலேருந்து நடந்த நடைக்கு நாலு ஏக்கர் உழுதிருப்பேன்.

மலிண்டா: உழவைத்தான் மகன்கிட்ட குடுத்தாச்சே. கல்யாணம் ஆன நாளிலேருந்து இப்பதான் முதல் தடவையா, சோளத்துக்கு உழுற சமயத்துல ஊர் சுத்த வந்திருக்கோம். வாஷிங்டன்ல செர்ரிப் பூவைப் பார்த்து வாயைப் பொளந்து நின்னது யாரு?

இனோஸ்: பூ கடவுள் செஞ்சது. வாயைப் பொளக்கலாம். இந்தப் படமெல்லாம் மனுஷன் பூசினது. அங்கயும் பூவைப் பார்க்க வந்தவங்க பூவை விட்டுட்டு நம்மளையில்ல பார்த்தாங்க. ஒரு குழந்தை அவங்கம்மாகிட்ட, இந்த தாத்தா எந்த நாடகத்துல நடிக்கிறாருன்னு கேட்டுச்சு.

மலிண்டா: அந்தப் பொண்ணு பாவம், கூசிப்போய், ஆமிஷ் சபைக்காரங்கடா, அந்தக் காலத்து முறையிலயே வாழுறவங்க, பேசாம வான்னு இழுத்தா. நீங்க சும்மா இருந்தீங்களா? வேஷம் இல்ல கண்ணு, தாடி நிஜம், வேணா இழுத்துப் பாருன்னு குனிஞ்சீங்க.

இனோஸ்: இழுத்துச்சே. நல்ல பால் கறக்குற கை.

மலிண்டா: இந்தப் பக்கம் வாங்க.

இனோஸ்: பிலடெல்பியா வந்தா சந்தையில ஆளுக்கொரு பிரெட்சல் ரொட்டி தின்னுட்டு வேன் ஏறலாம்னுதானே பேச்சு? நாலு மணிக்கு டிரைவர் வந்துடுவான். நீ என்னடான்னா வழி தெரிஞ்சவ மாதிரி திரும்பித் திரும்பிப் போற…

காவலர் வெர்னன்: வாங்கம்மா, வாங்க. இந்த வருஷம் காணோமேன்னு நேத்துதான் நினைச்சேன். இவர்தான் ஐயாவா?

மலிண்டா: …ஆமா தம்பி.

இனோஸ்: இந்த வருஷமா?

வெர்னன்: மூணு வசந்தமா வர்றாங்களே ஐயா. நான் இந்த அறைக் காவலுக்கு வந்த வருஷத்துலேருந்து. வந்தா ஒரு மணி நேரம், அந்த ஒரு இடத்துலயே நிப்பாங்க.

இனோஸ்: மலிண்டா… மூணு வசந்தமும் நீ பல் டாக்டரைப் பார்க்கத்தானே வந்த?

மலிண்டா: பார்த்தேனே. பக்கத்துத் தெருவுலதான் இருக்கார்.

இனோஸ்: உன் வாயில இருக்கறது பூரா கட்டின பல்லு.

மலிண்டா: கட்டின பல்லுக்கும் ஒரு மனுஷன் வேணும்ல.

வெர்னன்: நான் ஏதாவது உளறிட்டேனாம்மா…

மலிண்டா: இல்ல தம்பி, நல்லதாப் போச்சு. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாமத்தான் மூணு நாளா இவரை ஊர் ஊரா இழுத்துட்டு அலையுறேன். …ஏங்க. ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரைப் பாருங்க. சின்னப் படம்.

இனோஸ்: எது, அந்த ஓரத்துலயா?

மலிண்டா: முட்டைக் கூடையை மடியில வச்சுட்டு, கவுத்துப்போட்ட பெட்டி மேல உக்காந்திருக்கா பாருங்க.

இனோஸ்: பார்த்தேன்.

மலிண்டா: யாருன்னு தெரியுதா?

இனோஸ்: …தெரியாம?

மலிண்டா: அப்போ பேரைச் சொல்லுங்க. நம்ம புள்ளையை அடக்கம் பண்ணிட்டு வந்து கதவைச் சாத்தினீங்களே, அன்னிக்கு நின்னது. இருபத்தாறு வருஷம் ஆச்சு. பேத்திக்கு அந்தப் பேரை வைக்கட்டுமான்னு மருமக கேட்டா. நீங்க எழுந்து கொட்டகைக்குப் போயிட்டீங்க. அந்தப் புள்ளை இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட, நான் என்ன தப்பாக் கேட்டேன் அத்தைங்குது.

இனோஸ்: இது இங்க இருக்குன்னு உனக்கு யாரு சொன்னா?

மலிண்டா: சந்தையில ஆப்பிள் பை சுட்டு விக்கிறாளே என் தங்கச்சி மக. மழைக்கு ஒதுங்கி உள்ள வந்தவ, திடுக்கிட்டுப் போயி என்கிட்ட ஓடி வந்தா. பெரியம்மா, நம்ம ரூத்தி அங்க சுவத்துல இருக்கான்னு. கூடப் படிச்சவ இல்லையா, பார்த்ததுமே தெரிஞ்சிருச்சு.

இனோஸ்: அதான் பல் டாக்டரா.

மலிண்டா: நம்ம வீட்டுல போட்டோ கிடையாது, படம் கிடையாது. உருவம் வேணாம்ங்கறது நம்ம முறை. சரிதான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவ முகம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா மறந்துட்டே வந்துச்சுங்க. மூக்கு ஞாபகம் இருந்துச்சு, கண்ணு போயிருச்சு. பெத்தவளுக்கே முகம் மறக்குதேன்னு ஜெபத்துலகூட சொல்ல வெக்கமா இருந்துச்சு.

இனோஸ்: அழாத. ஆளுங்க பார்க்கிறாங்க.

மலிண்டா: பார்க்கட்டும். மூணு நாளா பார்த்துட்டுத்தானே இருக்காங்க. …நீங்க அந்த ஓவியனை வெரட்டின அன்னிக்கு நான் சமையல்கட்டு ஜன்னல்ல நின்னேன். என் புள்ளையை வரைய நீ யாருன்னு கையில குதிரை வாரோட ரோடு வரைக்கும் போனீங்க. அவன் பலகையைத் தூக்கிட்டு ஓடினான். அன்னிக்கு நீங்க செஞ்சது எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. ஆனா இங்க வந்து நின்னேன் பாருங்க, அன்னிக்கு அந்த மனுஷனுக்காகத்தான் ஜெபம் பண்ணினேன். உங்க பேச்சைக் கேட்காம எங்கயோ மறைஞ்சு நின்னு வரைஞ்சிருக்கானே, அவன் நல்லா இருக்கணும்னு. உங்களுக்கு கோபம் வந்தா வரட்டும். கோபத்துலயாவது அவ பேர் வருதான்னு பார்க்கத்தான் கூட்டிட்டு வந்தேன்.

வெர்னன்: சார், சார்… ஃபோனை உள்ள வச்சுக்குங்க. இந்தப் படத்தை மட்டும் எடுக்கக் கூடாது. மத்ததெல்லாம் தாராளமா எடுங்க. …மன்னிச்சுக்குங்கம்மா, பேச்சுல குறுக்க வந்துட்டேன். ஒரு நாளைக்கு இருபது பேருக்குச் சொல்ல வேண்டியிருக்கு.

மலிண்டா: கேட்கணும்னே இருந்தேன் தம்பி. கீழ கடையில எல்லாப் படத்தையும் தபால் அட்டையா அடிச்சு விக்கிறாங்க. இதுக்கு மட்டும் கிடையாதுன்னுட்டாங்களே?

இனோஸ்: அட்டை வாங்கக் கீழ போனியா?

மலிண்டா: இருக்கான்னு கேட்கப் போனேன். வாங்கவா போனேன்?

வெர்னன்: அது வரைஞ்சவர் எழுதி வச்சதும்மா. அவர் காலமானப்புறம் அவர் வீட்டுல இந்தப் படத்தை எங்களுக்குக் குடுத்தாங்க. கூடவே ஒரு காகிதம். அட்டை போடக் கூடாது, போட்டோ எடுக்க விடக் கூடாது, குழந்தை பேரை எங்கயும் எழுதக் கூடாதுன்னு. அதான் வெறும் முட்டைக்காரச் சிறுமின்னு போட்டிருக்கு. குழந்தையோட அப்பாவுக்குக் குடுத்த வாக்காம்.

மலிண்டா: யாருக்கு?

வெர்னன்: அவங்கப்பாவுக்கும்மா. …அங்க ஒரு அம்மா படத்துக்கு ரொம்பக் கிட்டப் போறாங்க. இதோ வந்துட்டேன்.

இனோஸ்: தம்பி.

வெர்னன்: சொல்லுங்க ஐயா.

இனோஸ்: அந்த இருபது பேருக்கும் சொல்றியே… ரொம்ப நன்றிப்பா.

வெர்னன்: என் வேலைதானே ஐயா.

மலிண்டா: ஏங்க.

இனோஸ்: கொஞ்சம் தள்ளி உக்காரு. கால் கடுக்குது.

மலிண்டா: கால் கிடக்கட்டும். வாரோட வெரட்டினவருக்கு அவன் எதுக்கு வாக்குக் குடுக்கணும்?

இனோஸ்: …வெரட்டினது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டார். இந்தப் புள்ளையோட நெஞ்சு அடுத்த பனியைத் தாங்காதுன்னார். உன்கிட்ட சொல்ல எனக்கு நாக்கு எழல.

மலிண்டா: எனக்குத் தெரியும்.

இனோஸ்: என்ன தெரியும்?

மலிண்டா: பனியைத் தாங்க மாட்டான்னு. பக்கத்துல படுத்து அவ மூச்சைக் கேட்டவ நான். உங்களுக்குத் தெரியாது, தெரிய வேணாம்னு நானும் வாயைத் திறக்கல. …மேல சொல்லுங்க.

இனோஸ்: வெள்ளிக்கிழமை நீ உன் தங்கச்சி பிரசவத்துக்குப் போயிட்ட. நான் வண்டியைப் பூட்டிட்டு டவுனுக்குப் போய், விடுதி விடுதியா அவனைத் தேடினேன். என்னைப் பார்த்ததும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்னுக்கிட்டான். அடிக்க வரல தம்பி, கூப்பிட வந்தேன்னேன். நம்ம கொட்டகைக்குள்ள உக்கார வச்சேன், அங்கதான் ரோட்டுக்குத் தெரியாது. ரெண்டு நாள் வரைஞ்சான். அவ எங்க அசையாம உக்காந்தா? அவன் முதுகுக்குப் பின்னாடி நின்னு நான் கோழி மாதிரி நடந்து காட்டினேன். அந்தச் சிரிப்பு அதுக்குத்தான்.

மலிண்டா: நீங்களா… கோழி மாதிரியா?

இனோஸ்: ரெக்கைகூட அடிச்சேன்.

மலிண்டா: கடவுளே… நான் அந்த ஓவியனைப் பார்த்து அவ சிரிக்கிறான்னு இல்ல நினைச்சுட்டு இருந்தேன்.

இனோஸ்: முடிச்சதும் எனக்குத்தான் குடுக்க வந்தான். வீட்டுக்குக் கொண்டு போக முடியாதே. நீயே பத்திரமா வச்சுக்கப்பா, ஊருக்கெல்லாம் பரப்பாதன்னேன். எங்க போச்சுன்னு இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. அவ பேரை எடுத்தா இதுவும் கூடவே வாயிலேருந்து வந்துடும்னு பயம். அதான் எடுக்கல.

மலிண்டா: இதுக்கா இருபத்தாறு வருஷம்? பிஷப்கிட்டப் போய் சொல்லியிருந்தா ஒரே ஞாயிற்றுக்கிழமையில முடிஞ்சிருக்குமே. சபைக்கு முன்னாடி மண்டி போட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கையைக் குடுத்து எழுப்பி விட்டிருப்பாங்க. எத்தனை பேர் செஞ்சிருக்காங்க. ஏங்க செய்யல?

இனோஸ்: மண்டி போட எனக்கென்ன? போட்டப்புறம், செஞ்சதுக்கு வருத்தப்படுறேன்னு சொல்லணுமே மலிண்டா… ரூத்தியை அங்க உக்கார வச்சதுக்கு நான் ஒரு நாள்கூட வருத்தப்படலையே.