எல்லாருக்கும் குடுத்த ஃபிளாஸ்க்

— வாத்துக்கறியைத் தொடவே இல்லையே, சின்ன ஷென். கம்பெனிச் சாப்பாடு நாக்கைக் கெடுத்துடுச்சா?

— பசி இல்ல, நிங் அக்கா. நீங்க சொல்லுங்க. ஹௌ மேய் நிஜமாவே ஊரை விட்டுப் போறாங்களா?

— இன்னைக்குச் சாயங்கால ரயில். இத்தனை வருஷம் ஒரே கவுண்டர்ல தோளோட தோள் உரசி போன் ரிப்பேர் பார்த்தோம். போன வாரம் மார்க்கெட்டே வேடிக்கை பார்க்க, "காட்டிக் குடுத்தவளே, எவ்வளவு வாங்கினே?"ன்னு கத்தினேன். அவ ஸ்க்ரூ டிரைவரை ஒண்ணொண்ணா துடைச்சுப் பையில வெச்சுக்கிட்டா. அவ்வளவுதான்.

— பதிலுக்கு ஒண்ணுமே சொல்லலையா?

— ஒண்ணு சொன்னா. அதை விடு. ஃபிளாஸ்க் புதுசா இருக்கே! கம்பெனிப் பேரெல்லாம் பொறிச்சு, பளபளன்னு. குடு, ஒரு வாய் டீ ஊத்திக்கறேன். எதுக்குக் குடுத்தாங்க?

— அது... சும்மாதான்க்கா. எல்லாருக்கும் குடுத்தாங்க.

— பெரிய இடம், குடுப்பாங்க. கேட்டுக்கோ, நான் உன்னைக் கூப்பிட்டது வேற விஷயத்துக்கு. போனோட உள்பூட்டை, அதான் பூட்லோடரைத் திறக்க உங்க போன் கம்பெனி படுத்துற பாடு உனக்கே தெரியும். நான் காசு குடுத்து வாங்கின போன்ல எனக்குப் பிடிச்ச சாப்ட்வேரைப் போடணும்னா, கணக்கு தொடங்கு, காத்திரு, பரீட்சை எழுது! பொண்ணு கேட்டுப் போனாக்கூட இத்தனை கேள்வி கேக்க மாட்டாங்க.

— அதாவது, பாதுகாப்புக்காகன்னு சொல்றாங்கக்கா. திருட்டு போனெல்லாம்...

— என்கிட்ட மேடைப்பேச்சு வேண்டாம் ராசா. அதுக்குத்தானே ஒரு குறுக்கு வழி வெச்சிருந்தோம். பழைய செட்டிங்ஸ் ஆப்பை உள்ள ஏத்தி, புது போனைப் பழைய போன் மாதிரி நடிக்க வெச்சா, உங்க சர்வர் நம்பிடும். அதை வெச்சுதான் எத்தியோப்பியாவுக்குப் போற போன்லயெல்லாம் அவங்க மொழியை ஏத்தி அனுப்பினோம். இதே மேசையில உனக்கும் காட்டினேனே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— அப்புறம் கொஞ்ச நாள்ல ஒரு அப்டேட் வந்துச்சு. வழி அடைஞ்சு போச்சு. பாதி வேலையில கிடந்த போனெல்லாம் உயிர் போய் செங்கல். அதை வெச்சு சுவர்தான் கட்டணும். அந்த எத்தியோப்பியா வியாபாரி டெரஃபே வந்து அவன் பாஷையில திட்டோ திட்டுன்னு திட்டினான். நல்ல வேளை, ஒண்ணும் புரியல.

— எங்க ஆளுங்க அவங்களாவே கண்டுபிடிச்சிருப்பாங்கக்கா.

— இத்தனை நாள் கண்டுபிடிக்காதவங்களுக்கு ராத்திரியோட ராத்திரி ஞானம் வந்துச்சா? யாரோ உள்ள போய்ச் சொல்லியிருக்காங்க. நீ அங்கேயே இருக்கிறவன். யாருன்னு விசாரிச்சுச் சொல்லு. ஹௌ மேய்தான்னு சொல்லிட்டா நான் நிம்மதியா வீட்டுக்குப் போறேன். அவ இல்லேன்னா இப்பவே ஸ்டேஷனுக்கு ஓடுறேன்.

— எனக்கு எப்படிக்கா தெரியும்? அது வேற பிரிவு.

— ஷென்ஜென் வந்த புதுசுல படுக்க இடமில்லாம என் கடைப் பலகை மேல சுருண்டு படுத்தவன் நீ. எனக்காக ஒருத்தர்கிட்ட வாயைத் திறந்து கேக்க மாட்டியா?

— கேக்கறேன். நாளைக்குக் கேட்டு...

— நாளைக்கு அவ சொந்த ஊர் ஹுனான்ல இருப்பா. அது சரி, ஃபிளாஸ்கை எதுக்கு மேசைக்கு அடியில தள்றே? நான் இன்னும் குடிச்சு முடிக்கல.

— அக்கா.

— என்ன?

— இதை எல்லாருக்கும் குடுக்கல.

— அப்படின்னா?

— எனக்கு மட்டும்தான் குடுத்தாங்க. அதாவது... கம்பெனில ஒரு கூட்டம் நடந்துச்சு. "இன்னும் எப்படித்தான் திறக்கிறானுங்க?"ன்னு பெரியவர் கேட்டார். நான் கையைத் தூக்கிட்டேன். உங்க பேரைச் சொல்லலக்கா, சத்தியமா. நானே கண்டுபிடிச்ச மாதிரி சொன்னேன்.

— நீயே கண்டுபிடிச்ச மாதிரி.

— எல்லாரும் கை தட்டினாங்க. அந்த நேரம் நல்லா இருந்துச்சுக்கா. அதை நினைச்சாத்தான் உடம்பே கூசுது. அஞ்சு நிமிஷம் முன்னாடிகூட, அவங்க ரயில் ஏறிட்டா நான் தப்பிச்சேன்னு நினைச்சேன். திட்டுங்கக்கா. அந்த டீயை என் மூஞ்சில ஊத்துங்க.

— எந்திரி.

— போயிடறேன்க்கா. இனிமே உங்க கண்ணுல படவே மாட்டேன்.

— தப்பிச்சு ஓடவா சொன்னேன்? ஸ்டேஷனுக்கு வா. அவ எதிர்ல நின்னு, என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லு.

— ஐயோ, எனக்கு அவங்க மூஞ்சியில முழிக்கத் தைரியம் இல்லக்கா.

— எனக்கு மட்டும் இருக்கா?

— நீங்க என்ன பண்ணினீங்க? நான்தான்னு தெரியாமத்தானே அவங்களைத் திட்டினீங்க?

— அன்னைக்கு அவ சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "உன் தம்பியை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து என்னைத் திட்டு." என்னைத் தவிர அந்த வழி தெரிஞ்சது அவளுக்கும் உனக்கும்தான், ஷென். கத்தும்போதே அது நீயாத்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும். உன்னைக் கேக்க பயந்துக்கிட்டுதான் அவளை விரட்டினேன்.