மயிலாள் விடை கொடுக்கவில்லை

கீழே இடிபாட்டிலிருந்து பூபாலனை வெளியே எடுக்க எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் மாடியில் உட்கார்ந்து ஒரு வாளின் பலத்தில் ஒரு புள்ளியைக் குறைத்துக்கொண்டிருந்தேன். ஓடாதது தப்புதான், இன்ஸ்பெக்டர் மேடம். ஆனால் அந்த வாள் கொஞ்ச நாளாகவே உறுத்திக்கொண்டிருந்தது. அதைக் கையில் எடுத்தவன் யாரையும் லேசாக ஜெயித்துவிடுகிறான்.

என் பெயர் சசிகுமார். அருள்புரம் பக்கம் அந்தச் சாயப்பட்டறையில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை. அது சோற்றுக்கு. மனசெல்லாம் நான் செய்கிற கேமில்தான். செல்போனில் ஆடுவது. ஆடுகிறவர் ஒரு வீரனாக மாறி ஊர் ஊராகப் போய் அரக்கர்களோடு மோத வேண்டும். கூடவே மயிலாள் என்றொரு வைத்தியச்சி வருவாள். காயத்துக்கு மருந்து போடுவாள், பேச்சுத்துணைக்கு இருப்பாள்.

கேம் ரொம்பக் கஷ்டமாக இருந்தால் ஆள் எரிச்சலில் போய்விடுவான். ரொம்பச் சுலபமாக இருந்தால் கொட்டாவி விட்டுப் போய்விடுவான். இரண்டுக்கும் நடுவே அவனைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க எனக்குக் கிடைத்தவர்தான் பாய்லர் பூபாலன். பாய்லரில் தண்ணீர் இறங்கினால் சங்கு ஊதும். உடனே போய் நெருப்பைத் தணிக்க வேண்டும். இல்லாவிட்டால் வெடித்துவிடும். மற்ற நேரமெல்லாம் அவர் சும்மாதான் இருப்பார்.

கேம் ஏற்றிய போன் ஒன்றைக் கொடுத்தேன். முதல் நாளே சிரித்தார்.

“ஏனுங் தம்பி, இந்தப் புள்ள ரேடியோவுல நியூஸ் வாசிக்கறாப்பல பேசுதுங்க. இதுகூட எப்படிங்க காட்டுக்குள்ள போறது?”

“வேற எப்படிப் பேசோணுங்க?”

“நம்மூருப் புள்ளையாட்டப் பேசோணும். எந்திரிக்கறப்ப ‘போயிட்டு வர்றனுங்க’ன்னா, ‘செரிங்க’ன்னு ஒரு வார்த்த வர வேண்டாமுங்களா? சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சுப் போறவனெல்லாம் மனுசனா?”

வழி அங்கேதான் கிடைத்தது. கேமை விட்டு வெளியேறும் பட்டனை எடுத்துவிட்டேன். இனி மயிலாளிடம் ‘போயிட்டு வரட்டுங்களா?’ என்று கேட்க வேண்டும். அவள் ‘செரிங்க’ என்றால் போகலாம். ‘கொஞ்சம் இருங்க’ என்றால் இருக்க வேண்டும்.

டீ வந்தது. மயிலாள் இருக்கச் சொன்னாள். டீ ஆறிப்போனது. அவர் மனைவி சித்ரகலா கூப்பிட்டார். அவருடைய சொந்த போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

“ஊட்டுல ஒரே சண்டைங்க தம்பி. ரெண்டாஞ் சம்சாரம் கட்டிட்டீங்களான்னு கேக்கறா” என்று அவரே வந்து சொன்னார்.

டீயை ஜெயித்தாயிற்று. சம்சாரத்தை ஜெயித்தாயிற்று. மிச்சம் இருந்தது சங்குதான்.

பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை நான் நிறுத்தவில்லை, மேடம். அது தானாகத்தான் நின்றது. நான் காத்திருந்தேன், அவ்வளவுதான்.

மத்தியானம் சங்கு ஊதியது. மாடியிலிருந்தே பாய்லர் அறைக் கேமராவில் பார்த்தேன். பூபாலன் சட்டென்று எழுந்துவிட்டார். கால் பாய்லர் பக்கம், கண் போனில். அங்கே மயிலாள் பாம்பு கடித்துக் கிடந்தாள்.

‘போயிட்டு வரட்டுங்களா?’

‘உசுரு போகுதுங்க. கொஞ்சம் இருங்க.’

நின்றார். மறுபடி கேட்டார்.

‘என்னய உட்டுட்டா போறீங்க?’

போனை வீசிவிட்டு ஓடியிருக்கலாம். யாரும் அவரைக் கட்டிப்போடவில்லை. அவர் மரியாதை தெரிந்த மனுசன், நின்றார்.

என் லேப்டாப்பை ஆய்வுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னீர்கள். மயிலாள் எப்போது என்ன பேச வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுத்த இடத்தைத் தேடுவார்கள். தேட வேண்டாம். அதை நான் இன்னும் எழுதவே இல்லை. அவள் பேசியதெல்லாம் மாடியில் உட்கார்ந்து நான் டைப் அடித்ததுதான்.

கடைசியாக அவர் கேட்டபோது ‘செரிங்க, போயிட்டு வாங்க’ என்று அடித்தும் வைத்தேன். அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் ஆட்டம் ரொம்பச் சுலபமாகப் போயிருக்கும்.